சில்லறைப் பயணத்திணை: சென்னையில் குறைந்த செலவில் சுற்றுவது குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழர் யாப்புக்கு இலக்கணம் கண்டனர், அணிக்குக் கண்டனர், பகைவர் மாட்டை ஓட்டி வருவதற்கும், பறிகொடுத்தவர் அதை மீட்டு வருவதற்கும்கூடத் தனித்தனியே திணை வகுத்தனர். ஆயினும் காலை ஒன்பது மணிக்குச் சைதாப்பேட்டையில் ஏறி, கையில் உள்ள இருபது ரூபாய்க்குள் பாரிமுனை போய்ச் சேர்வதற்கு ஓர் இலக்கண நூல் எழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்து, கடல்கோளில் இல்லாவிடினும் ஏதேனும் ஒரு நவம்பர் மழையில் அழிந்திருக்கக்கூடும். அக்குறை நீக்கவே இச்சிறு நூல்.

பாயிரம் இல்லாதது நூலன்று என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். வடக்கே திருவொற்றியூர், தெற்கே கிளாம்பாக்கம், கிழக்கே கடல், மேற்கே ஆட்டோக்காரர் "அங்கெல்லாம் வராது சார்" என்று கைவிரிக்கும் இடம் ஆகிய நான்கும் இந்நூலுக்கு எல்லை. வழி, முன்வழியும் பின்வழியும். கேட்போர், மாதத்தில் இருபதாம் தேதியைத் தாண்டியவர். பயன், மிஞ்சும் காசில் ஒரு டீ.

இந்நூலின் துணிபு ஒன்றே: கட்டணம் குறையக் குறைய, பயணி அந்நியர் கைகளை நம்ப வேண்டியது கூடுகிறது. வாடகைக் காரில் போகிறவருக்கு ஒருவர் தயவும் வேண்டாம். ஆட்டோவில் ஒருவரோடு பேசியாக வேண்டும். ஷேர் ஆட்டோவில் இரண்டு தோள்களுக்கு நடுவே இடம் கேட்க வேண்டும். மாநகரப் பேருந்திலோ காசு, டிக்கெட், பை, குழந்தை, சில சமயம் தன் உடல் என எல்லாவற்றையும் முன்பின் அறியாதவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இதைக் கைவிதி என்று பெயரிட்டு மேலே செல்வோம்.

இனிப் பயணங்களை ஐந்திணையில் வைத்துக் காண்போம். தென்மாவட்டங்களிலிருந்து அரசுப் பேருந்தில் வருபவருக்கு முதலில் எதிர்ப்படுவது பாலை. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டபின், "மெட்ராஸ் வந்தாச்சு" என்று நடத்துநர் விளக்கைப் போடும் இடத்துக்கும் பாரிமுனைக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கும் மேல் உண்டு. இரவெல்லாம் பயணம் செய்தவர் இங்கே தூக்கக் கலக்கத்தில் வாடகைக் கார் பிடித்தால், ஊரிலிருந்து வந்த செலவுக்கு நிகராக ஊருக்குள் போக ஒரு செலவு செய்ய நேரும். அறிவுடையோர் மாநகரப் பேருந்தில் தாம்பரம் போய், அங்கே எலக்ட்ரிக் ட்ரெயின் பிடிப்பர்.

பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்றுமுதல் இன்றுவரை, காசு கொடுத்துப் போகிறவர்க்கு இதைவிட மலிவாகச் சென்னையை நெடுகக் கடக்க வேறு வழி தோன்றவில்லை. இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து பீச் வரை 10 ரூபாய். இங்கே அறிஞர் உலகம் இன்னும் விடை காணாத சிக்கல் ஒன்று உண்டு. நடைமேடைச் சீட்டின் விலையும் 10 ரூபாய். அதாவது, அசையாமல் நிற்பதற்கு 10, நகர்வதற்கு 5. உறவினரை வழியனுப்ப வந்தவர், பக்கத்து நிலையத்துக்கு டிக்கெட் எடுத்து அவருடனே சிறிது தூரம் போவது மலிவு என்பது இதனால் பெறப்படும். போகாமல் நிற்பதைவிடப் போவது மலிவு என்ற இந்த நிலையை எந்தத் தத்துவ மரபில் அடக்குவது என்பதைப் பிறர் ஆராய்க.

ரயிலைப் பற்றி ஒரே ஒரு நடைமுறைக் குறிப்பு: மாம்பலத்தில் இறங்குவதற்கு முயற்சி எதுவும் வேண்டாம். அங்கே இறங்காமல் இருப்பதற்குத்தான் முயற்சி வேண்டும். ரங்கநாதன் தெருவுக்குப் போகும் கூட்டம் கதவருகே நிற்பவரை எல்லாம் சேர்த்தே அள்ளிச் செல்லும். நுங்கம்பாக்கம் போகிறவர் கம்பியை இறுகப் பற்றுக. 2025 ஏப்ரலில் குளிர்சாதன ரயிலும் வந்தது. அதன் தொடக்கக் கட்டணம் 35 ரூபாய் ஆதலின் அது இந்நூலின் எல்லைக்குப் புறம்பு.

இனி மருதம். மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். சென்னையில் ஊடல் நிகழும் களம் ஆட்டோ நிறுத்தம். கருப்பொருள் மீட்டர். 2013 ஆகஸ்டில் அரசு வகுத்தபடி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அப்பால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. இதன்படி நான்கு கிலோமீட்டர் பயணத்துக்கு 51 ரூபாய் 40 காசு. இந்த நாற்பது காசைக் கண்ணால் கண்டவர் இல்லை. அந்த ஆணைக்குப்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக எரிபொருள் விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று, தோசை விலையும் ஏறிற்று. மீட்டர் கட்டணம் மட்டும் ஏறவில்லை. ஆகவே, பொய் சொல்வது ஓட்டுநரா மீட்டரா என்ற வினாவுக்கு இரு பக்கமும் சான்று உண்டு.

ஊடலின் முறை வருமாறு. "எவ்ளோ குடுப்ப?" என்பார் ஓட்டுநர். பயணி எண் எதையும் சொல்லலாகாது. "நீங்க சொல்லுங்கண்ணா" என்க. "நூத்தம்பது குடு." "நூத்தம்பதா!" இவ்விடத்து வியப்பு இயல்பாக இருத்தல் வேண்டும், ஒத்திகை பார்த்துக்கொள்வது நலம். "ஒன்வே சார், சுத்திக்கினு போவணும். ரிட்டர்ன் சவாரியும் கெடைக்காது." இப்போது பயணி விலகி நடக்கத் தொடங்க வேண்டும். ஏழு அடி நடக்கலாம் என்பர் ஒருசாரார். ஐந்து அடியே போதும் என்பது எமது கருத்து, ஏனெனில் ஏழாம் அடியில் அடுத்த ஆட்டோக்காரரின் எல்லை தொடங்கிவிடும். அவர் நூற்று எண்பது கேட்பார். ஐந்தாம் அடியில் பின்னாலிருந்து "சார், சொல்லிட்டுப் போ சார்" என்ற குரல் வந்தால் ஊடல் தீரும் பருவம் வந்தது என்று கொள்க. வராவிட்டால், அதே கம்பீரத்துடன் பேருந்து நிறுத்தம் வரை நடந்துவிடுக. திரும்பி வருவது இழுக்கு. செயலியில் ஆட்டோ அழைப்பவர்க்கு இந்த ஊடல் இல்லையே எனின், உண்டு, வண்டி வந்தபின் "டிராப் எங்க சார்?" என்பதில் அது தொடங்கும்.

குறிஞ்சிக்கு உரியது புணர்தல். ஷேர் ஆட்டோவில் தோளும் தோளும், முழங்காலும் முழங்காலும் புணர்வதால் அது குறிஞ்சியே ஆகும். மூவர் அமரும் பலகையில் நால்வரை அமர்த்த ஓட்டுநர் கையாளும் சூத்திரம் "முன்ன பின்ன உக்காருங்க" என்பது. அதன்படி ஒருவர் இருக்கையின் நுனிக்கு வர, அடுத்தவர் ஆழத்துக்குப் போக, மூன்றாமவர் நுனிக்கு வர, உண்டாகும் இடைவெளியில் நான்காமவர் செருகப்படுவார். நுனியில் இருப்பவர் பயணம் முழுதும் தொடையின் வலிமையால் அமர்ந்திருக்கிறார். இருக்கை அவருக்கு ஒரு குறிப்பே. ஏறுமுன் கட்டணம் கேட்டுக்கொள்க. இறங்கும் இடத்துக்கு அரை நிமிடம் முன்னதாகவே "அண்ணா, ஓரமா நிறுத்துங்க" என்க. சில்லறையை உட்காரும் முன்பே எடுத்துக் கையில் வைத்துக்கொள்க. உட்கார்ந்தபின் சட்டைப் பை உமக்கு எட்டாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் எட்டும்.

முல்லையையும் நெய்தலையும் விரிக்கவில்லை. பெசன்ட் நகரில் இருந்து பெரம்பூர் போக 29சி-க்காக நின்றவர் இருத்தலையும் அறிவர், வந்த வண்டி நிற்காமல் போகும்போது இரங்கலையும் அறிவர்.

எஞ்சியது பேருந்து. இந்நூலின் நடுப்பகுதி இதுவே. இதற்கு யாம் செய்த நூற்பா:

சில்லறை கையகத் தில்லா தவர்க்குப்
பல்லவன் ஊர்தியும் பகையா கும்மே.

இதன் உரை: "கையகத்து" என்றதனால் பையகத்து இருப்பினும் பயனில்லை என்பது பெற்றாம். ஒரு கை மேற்கம்பியிலும் மறுகை சாப்பாட்டுப் பையிலும் இருக்க, காற்சட்டைப் பைக்குள் விடுவதற்கு மூன்றாம் கை ஒருவர்க்கும் இன்மையின். "ஊர்தியும்" என்ற உம்மையால், ஆட்டோவும் பகையாதல் முன்னரே பெறப்பட்டது. "பல்லவன்" என்றது பழம்பெயரால் மாநகரப் பேருந்தைக் குறித்தது. பல்லவர் ஆட்சி ஒன்பதாம் நூற்றாண்டோடு முடிந்தது என்று வரலாற்றாசிரியர் எழுதுவது முழு உண்மையன்று. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியபோது அது சென்னையில் மீண்டது. 1997-ல் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சூட்டிய பெயர்களை அரசு நீக்கியபோது இரண்டாம் முறை முடிந்தது. முதற்பல்லவர் குகைகளைக் குடைந்தனர். பிற்பல்லவர் காலத்தில் மக்களே ஒருவரை ஒருவர் குடைந்து உட்சென்றனர்.

பேருந்து நிறுத்தம் என்பது பேருந்து நிற்கும் இடமன்று. நிற்கும் என்று நம்பி மக்கள் நிற்கும் இடம். வண்டி அதற்கு இருபது அடி முன்னோ பின்னோ நிற்கும். நிழற்குடைக்கு நடுவில் நிற்பவர் எப்பக்கமும் ஓடலாம். எந்த எண் எங்கே போகும் என்பதை ஒருவரிடம் மட்டும் கேட்டல் கூடாது, இருவரிடம் கேட்க. இருவரும் வேறு வேறு சொன்னால் மூன்றாமவர் கேளாமலே வந்து தீர்த்துவைப்பார். முன்பலகையில் "கட்" என்றிருந்தால் அது பாதி வழியோடு திரும்பும் வண்டி. அதில் ஏறிவிட்டு நடத்துநரோடு வாதிடுவதால் அது மேற்கொண்டு போகாது.

சாதாரணப் பேருந்தில் கட்டணம் 5 ரூபாயில் தொடங்கும். இவ்வண்டிகளில் 2021 மே முதல் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. இலக்கணப்படி சொன்னால், எழுவாய் பெண்பாலாயின் பயனிலை இலவசம். அறுபது வயது கடந்தவர் மாதம் பத்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். தினமும் இரண்டு வண்டி மாறுகிறவர்க்கு 1,000 ரூபாய் மாதப் பாஸ் லாபம். ஆனால் அது கையில் இருப்பவர் நாளடைவில் அடுத்த தெருவுக்கும் பஸ்ஸில் போகத் தொடங்குவார் என்பதை மருத்துவர் கவனிக்க. கணவனும் மனைவியும் சேர்ந்து போகையில், முதலில் வந்த டீலக்ஸில் ஏறுவதா, மனைவிக்கு இலவசமான பிங்க் பஸ் வரும்வரை நிற்பதா என்று எழும் கருத்து வேறுபாடு அகத்திணையின்பாற்படும். அதில் யாம் தலையிடவில்லை.

கைவிதி முழுமையாக விளங்குவது டிக்கெட் எடுக்கும்போதுதான். சென்னை நடத்துநர் கூட்டத்தில் அலைபவர் அல்லர். பின்வாசல் அருகே தம் இருக்கையில் வீற்றிருப்பார். பயணியின் காசே அவரிடம் போக வேண்டும். முன்வாசலில் ஏறியவர் ஐம்பது ரூபாயை நீட்டி "ஒரு அடையாறு பாஸ் பண்ணுங்க" என்கிறார். நோட்டை வாங்கியவர் யார் என்பதை இவர் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. அது ஆறேழு கை மாறிப் போகிறது. "ஒரு அடையாறு" என்ற செய்தியும் கூடவே போகிறது. இடையில் ஒருவர் காதில் பாட்டுக் கேட்கிறவராயின் செய்தி அவரோடு நின்று, நோட்டு மட்டும் போய்ச் சேரும்; அப்போது "எங்க?" என்ற வினா வந்த வழியே கைமாறி வரும். பின் டிக்கெட் வரும், அதனுள் மடித்த நோட்டுகள் வரும், நாணயங்கள் வரும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு மனம் பதைக்கும் அதே மனிதர், இங்கே மீதியை எண்ணாமல் பையில் போடுகிறார். இடையில் யாரும் எடுத்துக்கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. இதற்கு ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை.

மீதி இல்லாதபோது நடத்துநர் கையாளும் உத்தி இன்னும் நுட்பமானது. அறியாத இருவரிடம் ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து "ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க" என்பார். அக்கணமே அவ்விருவரும் பங்காளிகள். ஒருவர் இறங்குமிடத்தில் மற்றவரும் இறங்கியாக வேண்டும். சில்லறைக்காகப் பெட்டிக்கடையில் வேண்டாத வாழைப்பழம் வாங்கியாக வேண்டும். சில பாகப்பிரிவினைகள் இதைவிடச் சுலபமாக முடிந்திருக்கின்றன.

மெட்ரோவை மறந்தீரே எனின், மறக்கவில்லை. 2015 ஜூன் 29-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய அதில் 10 முதல் 50 ரூபாய் வரை கட்டணம். க்யூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடி. குளிர்ச்சி உண்டு, சுத்தம் உண்டு, பேச்சு இல்லை. கைவிதியின்படி அங்கே ஆராய ஒன்றும் இல்லை. ஆயினும் சென்ட்ரலில் சாலையைக் கடக்க அதன் சுரங்கவழியைக் காசின்றிப் பயன்படுத்துக.

இறுதியாக ஒரு தடை எழுப்பப்படும். இப்போது பஸ்ஸிலும் யுபிஐ வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். சில்லறையும் வேண்டாம், பிறர் கையும் வேண்டாம். ஆதலால் உமது விதி வழக்கொழிந்தது என்பர். அற்றன்று. நடத்துநரிடம் உள்ள கருவியின் க்யூஆரை வருட வேண்டுமானால் அதனருகே போயாக வேண்டும். காசு கூட்டத்தைக் கடந்து போகும். ஆள் போக முடியாது. எனவே முன்வாசலில் ஏறியவர்க்குப் புதுமுறை ஒரு தொல்லையே. இதற்கும் மக்கள் வழி கண்டுவிட்டனர் என்பதற்குச் சான்று, நெரிசலான 21ஜி-யில் ஒருவர் பணம் செலுத்தும் செயலியைத் திறந்து கைபேசியையே நீட்டி, "ஒரு கிண்டி, பாஸ் பண்ணுங்க" என்றது. அது ஐந்தாறு கை மாறிப் போய், நடத்துநர் தம் கருவிமுன் காட்டித் தொகையைப் போட்டபின், இரகசிய எண்ணுக்காகத் திரும்பி வந்தது. உரியவர் எண்ணை அழுத்தி மீண்டும் அனுப்பினார். சிறிது நேரத்தில் டிக்கெட் வந்தது, கூடவே வரிசையின் நடுவிலிருந்து ஒரு செய்தியும் கைமாறி வந்தது: "சார்ஜ் பன்னெண்டு பர்சென்ட்தான் இருக்காம், வீட்டுக்குப் போன் பண்ணணும்னா இப்பவே பண்ணிடச் சொல்றாரு."