இனி ஐந்து பேருக்கு மட்டும்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் சாலையில், ஜவ்வாது மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது அத்திமூர். 2018 மே 9 அன்று குலதெய்வத்தைக் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் நீட்டியது. பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப் ஏற்கெனவே தாக்கல் சொல்லி வைத்திருந்தது. கூட்டம் கூடி, அந்தக் குடும்பத்தின் 65 வயது மூதாட்டியை அடித்தே கொன்றது. அடி விழும் காட்சியும் பிறகு வீடியோவாகவே ஊர் சுற்றியது.

போலீஸ் பலரைக் கைது செய்தது. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமும் பெரிய மனது பண்ணியது: இனி இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது. தாராளம். ஒரு பாட்டியை அடித்துக் கொல்ல ஐந்து பேர் போதும்.

அந்த நாட்களில் நாடெங்கும் பீதி கிளப்பிய வீடியோக்களில் ஒன்று கராச்சியில் எடுத்தது. பைக்கில் வரும் இருவர் தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். உண்மையில் அது, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அதே பைக் திரும்பி வந்து, குழந்தையை இறக்கிவிட்டு, எழுதிய அட்டையைக் காட்டும். யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கடைசி நொடிகளை நறுக்கினான். கட்டைவிரலால் செய்கிற வேலை அது.

ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு போனைக் கொடுங்கள். ஒரே பாடவேளையில் இதைக் கற்றுக்கொள்ளும். கீழே விழுந்த பேனாவை எடுத்துக் கொடுத்த தோழனைப் படம் பிடித்து, கொடுக்கிற பகுதியை வெட்டி, அவனைத் திருடனாக்கிப் பார்க்கும். வகுப்பே சிரிக்கும். வெட்டிப் பார்த்த கைக்கு வெட்டு எங்கே விழும் என்று தெரிந்துவிடும். அடுத்த முறை அப்பாவின் போனில் பிள்ளைபிடிக்காரன் வந்தால், “இதுக்கு வால் எங்கப்பா?” என்று கேட்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அன்றைக்கு அத்திமூரில் ஆள் இல்லை.

இதைச் சொன்னால் அதிகாரிகளுக்குப் புல்லரிக்கும். உடனே ‘ஊடக விழிப்புணர்வுப் பயிற்சி’ என்று ஒன்றை ஏற்பாடு செய்வார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர், நாற்பது ஸ்லைடு. உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, ‘செல்போனைத் தொட மாட்டேன்’ என்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு பதாகைக்குப் பின்னால் நிற்கவைத்து ஜிபிஎஸ் பதித்த படம். படம் ஏறினால் பயிற்சி நடந்தது. ஏறாவிட்டால் நடக்கவே இல்லை. மலையில் சிக்னல் கிடைக்காத ஆசிரியர் அந்தப் படத்துக்காகப் பாறை பாறையாக ஏறி நிற்பார். ஊடகக் கல்வி என்று உருப்படியாக நடப்பது அந்தப் பாறைமேல்தான்.

மலைப்பிள்ளைகள் எப்போதும் படத்துக்குள் இருக்க வேண்டியவர்கள். கோடை விழா என்றால் ஆட வேண்டும், அமைச்சர் வந்தால் பூங்கொத்து கொடுக்க வேண்டும். 2024இல் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த 23 வயது ஸ்ரீபதி, பிரசவமான இரண்டே நாளில் தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியானபோது ஆளுக்கொரு பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அல்லேரியில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாயே சுமந்து மலையேறினாள். அதையும் படம் பிடித்தார்கள். சாதித்தாலும் செத்தாலும் படம் உண்டு. படம் பிடிக்கும் கை மட்டும் மலையினுடையது அல்ல.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2018இல் லிட்டில் கைட்ஸ் என்று பள்ளி மன்றங்களைத் தொடங்கி, பள்ளிகளுக்கு டிஎஸ்எல்ஆர் கேமராவே கொடுத்தார்கள். பிள்ளைகள் தங்கள் பள்ளிச் செய்தியைத் தாங்களே எடுத்துத் தொகுக்கிறார்கள். நம்மிடமும் தேன்சிட்டு என்ற மாணவர் இதழ் வருகிறது, நல்ல முயற்சிதான். பள்ளிகளில் சிறார் படம்கூடப் போடுகிறார்கள். பார்க்கலாம், கைதட்டலாம். எடுப்பது என்ற இடத்தில்தான் கை நடுங்குகிறது.

நடுங்கத்தானே செய்யும்! 2022இல் ஜார்க்கண்டின் கோட்டா மாவட்டத்தில் ஒரு சிறுவன், குச்சியில் பிளாஸ்டிக் பாட்டிலைச் செருகி மைக்காகப் பிடித்துக்கொண்டு, தன் பள்ளியின் பாழடைந்த கோலத்தை நேரலை நிருபர்போல் விவரித்தான். ஆசிரியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். பாட்டிலுக்கே இந்தப் பலன் என்றால் கேமராவுக்கு? 2019இல் மிர்சாபூரில் மதிய உணவுக்குப் பிள்ளைகள் ரொட்டியும் உப்பும் தின்றதைப் படம் பிடித்த நிருபர் மீதே உத்தரப் பிரதேச அரசு வழக்குப் போட்டது. உப்பு போட்டவர்களை அல்ல, உப்பைக் காட்டியவரைத்தான் குற்றவாளி ஆக்கினார்கள். ஜவ்வாது மலை விடுதியில் ஒரு பெண்பிள்ளை சாம்பாருக்குள் கேமராவை நீட்டினால் எந்தத் துறை தாங்கும்?

சரி, சாம்பார் வேண்டாம். ஒரே ஒரு படத்தைப் பாடமாக வையுங்கள். 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து, சிலர் இந்த மலையிலிருந்தே, கூலிக்குப் போனவர்கள். உடல்களுக்குப் பக்கத்தில் செம்மரக் கட்டைகள் கிடந்த அந்தப் படத்தை நாடே பார்த்தது. ‘கடத்தல்காரர்கள்’ என்று தலைப்பும் தயாராக இருந்தது. சில கட்டைகளில் பழைய பெயிண்ட் அடையாளங்கள் இருந்ததை மனித உரிமைக்காரர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். முன்பே பிடிபட்ட கட்டையைக் கொண்டுவந்து போட்டதா என்று கேட்டார்கள். பஸ்ஸில் வந்தவர்களை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

கட்டையை யார் வைத்தார்கள்? கேமரா எந்த நேரத்தில் வந்தது? படத்துக்கு வெளியே என்ன இருந்தது? உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் இதைவிட நல்ல பயிற்சித்தாளைத் தயாரித்ததில்லை. அதில் கிடப்பவர்களில் சிலர் இந்த மலைக்காரர்கள்தான்.

அது பாடத்திட்டத்தில் இல்லை. அதற்குப் பதிலாகப் பேச்சுப்போட்டி வைக்கலாம். தலைப்பு, ‘வதந்திகளை நம்பாதீர்’. முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பேச்சை ஆசிரியரே எழுதித் தந்துவிடுவார்.