பாணந்துறைக் குரங்கும் வாத்தியாரின் லப்டொப்பும்

திருகோணமலையில் எனக்குத் தெரிந்த லினக்ஸ்காரர்களில் ஒருவர்கூடச் சுதந்திர மென்பொருள் கொள்கையைப் படித்து அந்தப் பக்கம் போனவர் அல்லர். எல்லோரையும் அனுப்பிவைத்தது டொலர்தான். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை ஏறியது. புது லப்டொப் வாங்கும் எண்ணத்தை ஊரே கைவிட்டது. பழைய லப்டொப்புகளோ, விண்டோஸ் திறந்து முடிவதற்குள் உவர்மலையிலிருந்து இறங்கிச் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்ற நிலையில் இருந்தன. அவற்றுக்கு உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவன் நான். ஒரு சதமும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஆறு மாத உத்தரவாதத்தோடு தப்பியிருக்கலாம். வாங்காதபடியால் சாகும்வரை பொறுப்பு என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அந்தப் பொறுப்புகளில் தலையாயவர் எங்கள் வாத்தியார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிள்ளையார் கோயில் கும்பாபிஷேக மலரின் தொகுப்பாசிரியர். கும்பாபிஷேக மலர் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆசியுரை, அருளுரை, வாழ்த்துரை, மறுபடியும் வாழ்த்துரை, நன்றியுரை. நடுவில் இடம் மிஞ்சினால் ஒரு கட்டுரை. முன்பு எல்லாவற்றையும் கையால்தான் எழுதுவார். ஒருநாள் பஸ் நிலையத்தில் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நகருக்குள் உலாவித் திரியும் புள்ளிமான்களில் ஒன்று வந்து, ஒரு வாழ்த்துரையை முழுதாகவும் இன்னொன்றில் பாதியையும் மென்றுவிட்டுப் போய்விட்டது. மலரின் தரம் அதனால் குறைந்ததென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதோடு அவர் கணினிக்கு மாறினார்.

தட்டச்சுக்கு அவருக்கு ரெங்கநாதன் விசைப்பலகைதான் வேண்டும். தமிழ்நாட்டார் தமிழ்99 என்பார்கள். இலங்கையில் தரநிலை எஸ்.எல்.எஸ். 1326 ஏற்றது ரெங்கநாதனை. லினக்ஸில் அது வேலைசெய்ய ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவவேண்டும். அந்தப் பொதி தனியாக வராது. எம்17என் நூலகம் வேண்டும் என்னும். விசைப்பலகை வரைபடங்கள் அடங்கிய தரவுப் பொதி வேண்டும் என்னும். ஐபஸ் வேண்டும் என்னும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் சீ நூலகம் என்று ஒன்று இருக்கிறது. அது ஆடினால் கணினியில் ஆடாதது எதுவுமில்லை.

2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்னர் கரையோர வீதியால் மட்டக்களப்புக்குப் போனவர்களுக்குப் பொதிச் சார்பு பற்றி நான் விளக்கத் தேவையில்லை. கிண்ணியாவில் பஸ்ஸைப் படகுப்பாதையில் ஏற்றி அக்கரை சேரவேண்டும். பிறகு உப்பாறு, பிறகு கங்கை, பிறகு இறால்குழி, பிறகு வெருகல். வெருகல் பாதை பழுதென்றால், முந்திய துறைகள் எவ்வளவு சிறப்பாக ஓடியும் பயனில்லை. நடுவழியில் குந்தியிருக்க வேண்டியதுதான். உபுண்டுவின் பொதி முகாமையாளரான ஆப்ட், புறப்படும் முன்பே எல்லாத் துறைகளிலும் விசாரித்துவிடும். ஒரு துறை பழுதென்றாலும் பஸ்ஸை எடுக்கமாட்டேன் என்று நிலையத்திலேயே சொல்லிவிடும். இதைச் சனங்கள் ‘லினக்ஸ் பிழைக்குது’ என்கிறார்கள். எனக்கென்றால் அந்தக் காலத்து பஸ் கம்பனிகளிடம் இல்லாத நேர்மை இதில் தெரிகிறது.

ஆப்ட்டின் வேலை லேசானதல்ல. 1993இல் இயன் மேர்டொக் என்ற அமெரிக்க மாணவர் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து, உபுண்டுவுக்குத் தாயான டெபியனைத் தொடங்கியபோது, பொதிகளை ஒரு கடதாசியில் எழுதிவைக்கலாம். 2023இல் வந்த டெபியன் 12இல் 64,419 பொதிகள். ஒவ்வொன்றும் ‘இன்னார் வேண்டும், இன்ன பதிப்புக்குக் குறையாமல் வேண்டும், இன்னாரோடு ஒரே கூரையின்கீழ் இருக்கமாட்டேன்’ என்று நிபந்தனை வைக்கும். இத்தனை பேரையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியுமா என்று கண்டுபிடிப்பது, கணிதக்காரர் என்பி-முழுமை என்று வகைப்படுத்தும் கடின வகையைச் சேர்ந்தது என்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2006 வாக்கில் நிறுவிக் காட்டினார்கள். எந்த நிலையிலும் விரைவாக விடை தரும் வழி எவருக்கும் தெரியாது. கோயில் திருவிழா உபயகாரர் பட்டியல் போட்டவர்களுக்கு இதில் வியப்பு இராது.

இனி ரொறன்ரோ.

வாத்தியாருக்கு அங்கே ஒரு மருமகன். நல்ல பிள்ளை, மாமாவில் உயிர். மலரை அழகாக வடிவமைக்க ஒரு மென்பொருள் இருக்கிறதென்று, அதன் பொதி அடங்கிய டெப் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். “இதை டபிள் கிளிக் பண்ணுங்கோ மாமா, எனக்கு நல்லா வேலை செய்யுது” என்று குரல்பதிவும் வந்தது. ‘எனக்கு வேலை செய்யுது’ என்பது கணினி உலகின் சாட்சியங்களில் எல்லாம் பயன் குறைந்தது. அவன் வைத்திருந்தது உபுண்டு 24.10. மாமாவுக்கு நான் போட்டுக் கொடுத்தது 24.04, ஐந்து வருட ஆதரவு உள்ளது, 2029 வரைக்கும் யாரும் தொடத் தேவையில்லாதது. அவனுடைய பொதி சீ நூலகத்தின் 2.40ஆம் பதிப்பைக் கேட்டது. வாத்தியாரிடம் இருந்தது 2.39.

ஆப்ட் மறுத்தது. இன்னது தேவை, இருப்பது இன்னது, ஆகவே முடியாது என்று இலக்கம் சுட்டி மறுத்தது. மருமகன் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான். அனுப்பினார். அவன் படத்தை வாசித்ததாகத் தெரியவில்லை. “அப்ப, புதுப் பதிப்பிட களஞ்சியத்தைச் சேர்த்துப்போட்டு அப்கிரேட் குடுங்கோ மாமா” என்றான். டெபியன்காரர்கள் இப்படி இரண்டு பதிப்புகளைக் கலந்து கட்டும் உடம்புக்கு ஃபிராங்கன்டெபியன் என்று பேர் வைத்து, செய்யாதேயுங்கோ என்று வருடக்கணக்காகக் கெஞ்சுகிறார்கள். மருமகனுக்கு அந்தக் கெஞ்சல் எட்டவில்லை. வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவன் எழுதி அனுப்பியதை ஓரெழுத்தும் பிசகாமல் தட்டினார். தமிழாசிரியர் அல்லவா, எழுத்துப் பிழை ஒன்றாவது விட்டிருந்தால் பிழைத்திருப்பார்.

அது 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பொதிகள் நூற்றுக்கணக்கில் இறங்கி, பிரிந்து, ஒவ்வொன்றாக அமர்ந்துகொண்டிருந்தன. முற்பகல் பதினொரு மணி தாண்டியது. இலங்கை முழுவதும் மின்சாரம் போய்விட்டது.

பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் அன்றைக்கு விளக்கினார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதிச் சிரித்தன. வாத்தியார் சிரிக்கவில்லை. அவருடைய லப்டொப்பின் பற்றரி செத்து நெடுநாள். வயர் இருந்தால்தான் உயிர். ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமம் தாண்டி ஒரு மணியளவு. மருமகன் நித்திரை.

சார்புப் பட்டியல் என்று நாங்கள் பேசுகிறோமே, அன்று முழுப் பட்டியலையும் ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். பிள்ளையார் கோயில் மலர் ரெங்கநாதனில் தங்கியிருந்தது. ரெங்கநாதன் ஐபஸ்-எம்17என்னில், அது சீ நூலகத்தில், சீ நூலகம் வாத்தியார் வீட்டுச் சுவர்ச் செருகியில், செருகி நாட்டின் மறுகரையிலுள்ள பாணந்துறையில், பாணந்துறை ஒரு குரங்கின் அன்றைய மனநிலையில். எந்தப் பொதி முகாமையாளரும் இந்தக் கடைசி வரியை விசாரிப்பதில்லை.

மாலைக்குள் மின்சாரம் படிப்படியாக வந்தது. லப்டொப்பில் படம் வரவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு துடிக்கும் கோடு. வாத்தியார் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மத்திய வீதியில் நானா ஒருவருடைய கொம்யூனிகேஷனுக்குப் போயிருக்கிறார். நானா திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். “போமட் அடிச்சிட்டா லேசு சேர். அரை மணித்தியாலத்துல தாரன்.” எங்கள் ஊரில் எந்தக் கணினி நோய்க்கும் இந்த ஒரு மருந்துதான். ஒலி வரவில்லையா, போமட். அச்சு மங்கலா, போமட். வாத்தியார் “உள்ளுக்கை வாழ்த்துரை எல்லாம் கிடக்குது” என்று சொல்லிப் பறித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

இப்படியான சந்தர்ப்பத்தில் செய்யவேண்டிய முதல் காரியம், எதுவும் செய்யாமல் திரையை வாசிப்பது. அதை யாரும் செய்வதில்லை. பிழைச் செய்தி என்றால் அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்கிறோம். என்ன செய்யவேண்டுமென்று அதில் எழுதியிருந்தது. ஆப்ட்டுக்குக் கீழே இருந்து கூலிவேலை செய்வது டிபிகேஜி. அது ஒவ்வொரு பொதியையும் முதலில் பிரிக்கும், பிறகு அமைக்கும், எது எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும். மின்சாரம் போன கணத்தில் பிரித்தவை எவை, பாதி அமைத்தவை எவை என்று அதற்குத் தெரியும். ‘இடையில் நின்றுபோனேன், டிபிகேஜி கொன்ஃபிகர் என்று கட்டளை கொடு, விட்ட இடத்திலிருந்து செய்கிறேன்’ என்று கேட்டுக்கொண்டு கிடந்தது. கொடுத்தேன். செய்தது. குரங்கின்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

பாதி வேலை அதோடு முடிந்தது. மிச்சத்துக்கு இணையம் வேண்டும், கிகாபைட் கணக்கில். போனை வயரால் கொளுவிவிட்டு, மலிவு டேட்டாவுக்காக நடுச்சாமம் வரை காத்திருந்தோம். வாத்தியார் பிளேன்ரீ ஊற்றினார். நேரம் போக்க ஆப்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் பசுவைக் காட்டினேன். ‘மூ’ என்று கட்டளை கொடுத்தால் எழுத்துகளால் வரைந்த ஒரு மாடு வந்து, இன்றைக்கு நீ கத்தினாயா என்று கேட்கும். உதவிக் குறிப்பின் அடியிலும் ‘இந்த ஆப்ட்டுக்கு மகா பசுச் சக்தி உண்டு’ என்றிருக்கும். வாத்தியார் எழும்பி நின்று திரையைக் கும்பிட்டார். “இதை முதலே சொல்லியிருந்தால் நான் பெடியன்ர பேச்சைக் கேட்டிருக்கமாட்டன் தம்பி.”

பன்னிரண்டு மணிக்குப் பிறகு, உடைந்ததைச் சரிசெய் என்று ஆப்ட்டைக் கேட்டேன். அது ஒரு பட்டியல் நீட்டியது: பின்வருவன அகற்றப்படும். மேசைச்சூழல் அதில் இருந்தது. ஐபஸ்-எம்17என்னும் இருந்தது. கடைசியில் வழமையான கேள்வி: தொடரலாமா? வாத்தியாருடைய விரல் என் தோளுக்கு மேலால் நீண்டது. “யெஸ் குடுங்கோ தம்பி, விடியப்போகுது.”

அந்த விரலைப் பிடித்துவைத்துக்கொண்டு அவருக்கு ஒரு கதை சொன்னேன். 2021 நவம்பரில் லினஸ் செபாஸ்டியன் என்ற கனடாக்காரர், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பார்க்கும் யூடியூப் தொழில்நுட்பக்காரர், பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். சார்பில் ஒரு கோளாறு. ஆப்ட் எச்சரித்தது: ஆபத்தான காரியம் செய்யப்போகிறாய், உண்மையிலேயே வேண்டுமென்றால் ‘ஆமாம், நான் சொன்னபடி செய்!’ என்று முழு வசனமும் ஆச்சரியக்குறியோடு தட்டு. அவர் தட்டினார். கமெராவுக்கு முன்னாலேயே முழு மேசைச்சூழலும் அகன்று, கறுப்புத் திரை மிஞ்சியது. அதன் பிறகு, அத்தியாவசியப் பொதிகளை அப்படி ஒரு வசனத்தால் அகற்ற முடியாதபடி ஆப்ட்டை மாற்றினார்கள். மனிதர் எச்சரிக்கையை வாசிப்பார் என்று எதிர்பார்த்து எழுதியவர்கள், மனிதரைத் திருத்த முடியாதென்று கண்டு நிரலைத் திருத்திக்கொண்டார்கள். எனக்கு இதில் அவர்கள்மேல் மரியாதை கூடியது.

“அவரும் கனடாவோ?” என்று மட்டும் வாத்தியார் கேட்டார்.

வேண்டாம் என்று பதில் கொடுத்துவிட்டு, ஆப்டிடியூட் என்ற அதன் உறவுக்காரனைக் கேட்டேன். அது ஒரு தீர்வு சொல்லும். பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று. அதுவும் பிடிக்கவில்லை என்றால் மற்றொன்று. நெடுநேரம் யோசித்து முதல் தீர்வைத் தந்தது: எல்லாம் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். “இதைச் சொல்லவோ இவ்வளவு யோசனை? எங்கட நிர்வாகசபையும் இதைத்தான் சொல்லும்” என்றார் வாத்தியார்.

காரணம் பிறகு தெரிந்தது. மேம்படுத்தலோடு சேர்ந்து உள்ளே வந்த மருமகனின் பொதி பாதி அமர்ந்த நிலையில் எல்லோருடைய வழியையும் மறித்துக்கொண்டிருந்தது. அதை அகற்றியதும் பட்டியல் சுருங்கியது. மேசைச்சூழலும் ரெங்கநாதனும் இருக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். எதையும் உண்மையாகச் செய்யாமல், செய்தால் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை வசதி ஆப்ட்டில் உண்டு. ஒவ்வொரு அடியையும் அதில் ஓட்டிப் பார்த்து, பிறகே நிசமாகக் கட்டளை கொடுத்தேன். 24.04க்குத் திரும்ப வழியிருக்கவில்லை; மேலே போன சீ நூலகத்தைக் கீழே இறக்குவது யாரும் ஆதரிக்காத வித்தை. முன்னுக்குப் போய் 24.10ஐ முழுதாக முடிப்பதுதான் வழி. முடித்தோம். வாழ்த்துரைகள் அனைத்தும் தப்பின. மலர் வந்துவிட்டது, 24 வாழ்த்துரை, ஒரு கட்டுரை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2029 வரை நிம்மதியாகக் கிடந்திருக்கவேண்டிய லப்டொப், ஒன்பது மாதமே ஆதரவுள்ள பதிப்புக்குப் போய்விட்டது. 2025 ஜூலை 10ஆம் திகதி அதன் ஆயுளும் முடிந்தது. திரும்பவும் மேம்படுத்தல், திரும்பவும் நடுச்சாமம், திரும்பவும் பிளேன்ரீ. இதெல்லாம் எதற்காக என்றால், மருமகன் சொன்ன அந்த வடிவமைப்பு மென்பொருளுக்காக. அதை வாத்தியார் கடைசிவரை நிறுவி முடிக்கவில்லை. மலரை லிப்ரே ஒஃபிஸில்தான் செய்தார். அது முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது.

ஆகவே லினக்ஸ் பாவிக்கும் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். வெளிநாட்டுச் சொந்தக்காரர் சொக்லேட் அனுப்பினால் மறுக்காமல் வாங்குங்கள். டெப் கோப்பு அனுப்பினால், சுகம் விசாரித்துவிட்டு அழித்துவிடுங்கள். ‘அகற்றப்படும்’ என்ற பட்டியலைக் கடைசிப் பெயர்வரை வாசிக்காமல் யெஸ் கொடுக்காதீர்கள். பற்றரி இல்லாத லப்டொப்பில் மேம்படுத்தல் தொடங்காதீர்கள். பாணந்துறையில் குரங்குகள் இன்னும் இருக்கின்றன.