மழை வந்தால் கீரை

பருவத்தில் விளைவதைத்தான் சாப்பிட வேண்டும் என்று இப்போது டாக்டரும் சொல்கிறார், டிவியில் சமைக்கிறவரும் சொல்கிறார். அறுபதுகளின் கடைசியில், மலேசியாவில் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு அந்த ஒழுக்கத்தைப் பழக்கியவர் செக்ரோல் எழுதும் கிராணி.

மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டோடு இறங்காமல் மரமெங்கும் வழியும். பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர்தான் நிறையும். வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் செக்ரோலில் பேர் இல்லை, கூலியும் இல்லை. நவம்பரில் பிடிக்கிற வடகிழக்குப் பருவமழை அவ்வளவு சுலபத்தில் விடாது. அதே மழையில்தான் கான் ஓரத்தில் பெரணி கொழுந்துவிடும், வல்லாரை படரும். தட்டில் பச்சை கூடினால் வீட்டில் காசு குறைந்துவிட்டது என்று பொருள். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்த்துப் பால் வற்றும்போது வேலியோரத்து மரவள்ளி கைகொடுக்கும். சம்பளத்தன்று மட்டும் டின் சார்டின். அதுதான் விருந்து.

பெரணிக் கொழுந்தை அம்மா கத்தியால் நறுக்க மாட்டார். தலை சுருண்டதாகப் பார்த்து, நுனியிலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வருவார். எங்கே டக்கென்று ஒடிகிறதோ அதுவரை நமக்கு. வளைந்துகொடுக்கிற காம்பு ஆட்டுக்கு. கொதிக்கிற நீரில் ஒரு முழுக்கு, பச்சை மங்குவதற்குள் வடித்துவிட வேண்டும். வறுத்து இடித்த தேங்காய், சின்ன வெங்காயம், மிளகாய், மேலே லீமாவ் கஸ்தூரி பிழிந்து ஒரு பிசறல். பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார மக்சிக்கிடம் கற்றுக்கொண்டது. சம்பலில் சேரும் இறால் விழுதான பிளாச்சானைப் பாட்டி வீட்டுக்குள் விடவில்லை. வாசலில் சுட்டு, வாசலிலேயே இடிக்க வேண்டும். அந்தச் சம்பலுக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிறவரும் பாட்டிதான்.

பிறகு ரப்பர் விழுந்து செம்பனை வந்தது. களைக்குப் பாராகுவாட் அடித்தார்கள். முதுகில் பம்பு சுமந்து அடித்தவர்கள் பெரும்பாலும் எங்கள் அக்காமார், அத்தைமார். கான் ஓரத்தில் கை வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. அரசாங்கம் அந்த மருந்தை 2002இல் தடுத்தது, 2006இல் திரும்ப விட்டது, ஒருவழியாக 2020 ஜனவரியில் முழுதாய்த் தடைசெய்தது. அதற்குள் நாங்கள் டவுன் தாமான்களுக்குக் குடிவந்து, கீரையைக் காசு கொடுத்து வாங்கும் நாகரிகத்துக்குப் பழகியிருந்தோம்.

இன்று குளுவாங் இயற்கை வேளாண்மைக்குப் பேர்போன ஊர். வார இறுதியில் வெளியூர்க்காரர்கள் ரயில் நிலையக் காப்பியைக் குடித்துவிட்டு, இயற்கைப் பண்ணைகளைச் சுற்றிப் பார்த்து, மருந்தடிக்காத கீரையோடு திரும்புகிறார்கள். மருந்தடித்த ஊரின் மனுஷனாகிய எனக்கு இதில் மகிழ்ச்சிதான்.

போன டிசம்பரில் அண்ணன் மகள் என்னை ஒரு காபேக்கு அழைத்துப்போனாள். வெள்ளைப் பீங்கானில் ஏழு பெரணிக் கொழுந்து, மேலே ஒரு பூ. பதினெட்டு வெள்ளி.

“இது பசியைத் தூண்டுறதுக்கு, சித்தப்பா. சாப்பாடு அப்புறம் வரும்.”

எங்களுக்குக் கொழுந்து வேண்டியிருந்தது பசியை அடக்க. தூண்டுவதற்கென்று தனியாக எதுவும் தேவைப்பட்டதில்லை. ருசி பழுதில்லை, தேங்காயை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்.

யார் பறித்தது என்று பரிமாறிய பையனைக் கேட்டேன். செம்பனைத் தோட்டத்து வங்காளதேச ஆட்களாம். தண்ணீர் ஏறிக் குலைவெட்டு நிற்கிற நாட்களில் பறித்துக் கொண்டுவந்து போடுவார்களாம். பருவம் மாறவில்லை, பேர் இல்லாதவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

இப்படிக் கொழுந்துகள் காபே உணவுப் பட்டியலில் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் அடுத்தது மரவள்ளியாகத்தான் இருக்கும். அதில் ஒரு எச்சரிக்கை. மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சு உண்டு. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளியைத் தின்றே பிழைத்த பாட்டி, அந்த இலையை வேகவைத்து இரண்டு தண்ணீர் கொட்டாமல் யாரையும் தொடவிட்டதில்லை. எவ்வளவு அழகான தட்டில் வந்தாலும், வேகவைத்து வடித்தார்களா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.