உடுப்பிறுக்கத்தாற் பிறக்கும் உதரக் கடுப்பும் அதன் நிவாரணமும்: ஒரு விசாரணை

விருந்துண்ட வயிற்றைச் சுற்றி உடுப்பு இறுகுதலால் நாபிக்குக் கீழே தோன்றும் மெல்லிய நோவை, அது மரணத்தை விளைவிக்காமையினாலும், மன்னர் எவருக்கும் வந்ததாகச் சாசனம் இல்லாமையினாலும், நம்முடைய வித்துவான்கள் இதுகாறும் விஷயமாகக் கொள்ளாது விட்டனர். ஒரு செய்யுளின் ஓரெழுத்துக்குப் பாடபேதம் கண்டு அதன்மேல் முந்நூறு பக்கம் எழுதவல்ல பெரியோர், தம் சொந்த வயிற்றின்மேல் ஒரு பக்கமும் எழுதினாரில்லை. இக்குறையை நீக்கும்பொருட்டு, கொழும்பிலே பாமன்கடையில் ஒரு மாடிவீட்டில் வசிப்பவனும், சென்ற ஆவணி மாதத்துக் கலியாணவீடொன்றில் ஆராய்ச்சிப் பொருளைத் தன் உடம்பிலேயே பெற்றுக்கொண்டவனுமாகிய அடியேன் இம்முயற்சியில் இறங்கலானேன்.

எந்த ஆராய்ச்சியும் நிலவரலாற்றோடு தொடங்குதல் மரபு. காலி வீதியிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே உள்ளே வந்தால் எதிர்ப்படுவது பாமன்கடை. அதன் அயலிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வெள்ளவத்தை நூற்பு நெசவாலை நின்ற நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிட்டி மாடங்கள் நிற்கின்றன. முன்னோர் துணி நெய்த இடத்தில் பின்னோர் அத்துணிக்குள் அடங்க முயல்கின்றனர். பாமன் என்றொருவர் இங்கே கடை வைத்திருந்தாரா, வைத்திருந்தால் என்ன விற்றார் என்பது கேள்வி. அவர் துணி விற்றார் என்பது என் வாதத்துக்கு அநுகூலமாதலால், துணியே விற்றார் என்று கொள்வோம். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியிலே இதனினும் மெலிந்த ஆதாரத்தின்மேல் எழுந்த மாளிகைகள் உள.

இனி நோய்க்காரணம். அது நாடா, பெல்ட், தெறி, அபிமானம் என நால்வகைப்படும். பெல்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; அதில் ஓட்டைகள் உண்டு. சட்டைக்கும் காற்சட்டைக்கும் வைத்துத் தைப்பதைத் தமிழ்நாட்டார் பொத்தான் என்பர். நம்மவரோ தெறி என்றனர். பூட்டும்போது பொருள் விளங்காத இப்பெயர், பந்தியில் மூன்றாவது வடை உட்சென்றபின் தானே விளங்கும்.

நாடாவை மட்டும் நகைத்து ஒதுக்க முடியாது. பம்பாயில் கானோல்கர், சூர்யாபாய் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், வேட்டியை ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டுவதால் அவ்விடத்துத் தோலில் உண்டாகும் புற்றுநோயைப் பற்றி 1945இலேயே எழுதிவைத்தனர். உள்பாவாடை நாடாவோ இறுகச் சுற்றிய சேலையோ அழுத்திய இடத்தில் ஆறாத புண் புற்றாக மாறிய முதிய பெண்கள் இருவரைப் பற்றி மகாராஷ்டிரத்திலும் பீகாரிலுமுள்ள வைத்தியர்கள் 2024இல் எழுதினர். இடுப்புத் தோல் கறுத்து, செதிலெழுந்து, புண் ஆறாது நிற்குமாயின் அது இக்கட்டுரைக்குரியதன்று, வைத்தியருக்குரியது.

மேலைத்தேசத்தாரும் இத்துறையைத் தொட்டிருக்கின்றனர். 1895இல் ருஷ்ய வைத்தியர் ரொத் என்பவர், இடுப்புவாரை இறுகக் கட்டிய குதிரைக்காரரிடம் தொடையின் வெளிப்புறம் விறைத்து எரியும் நோவைக் கண்டு, அதற்கு மெரல்ஜியா பரஸ்தெற்றிக்கா என்று நாமகரணம் செய்தார். அப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாரைத் தளர்த்திவிடலாம் என்பதே அதன் சிறப்பு. அமெரிக்க வைத்தியர் ஒக்டேவியோ பெஸ்ஸா 1993இல் எழுதியதோ நம் விஷயத்தை நேரே சார்ந்தது. உண்ட சில மணி நேரத்தில் வயிற்று நோ, நெஞ்செரிவு, ஏப்பம் என்று வந்தவர்களுடைய காற்சட்டை, அவர்களுடைய மெய்யான இடுப்பைவிட மூன்று அங்குலமோ அதற்கு மேலோ சிறுத்திருக்கக் கண்டார். வெளியிலிருந்து அழுத்த, நிறைந்த இரைப்பை தன் புளிப்பை மேலே தள்ளுகின்றது, அவ்வளவுதான். தம் இடுப்பு இருபத்தைந்து வயதில் இருந்தபடியே இருக்கின்றது என்று நம்பும் அபிமானத்தை அவர் தனிக்காரணமாகக் கூறாமை ஒரு குறையே.

ஆயினும் இவ்வைத்தியர் எவருக்கும் தமிழ் தெரியாமையால், மூலாதாரமான உண்மை அவர்களுக்குப் புலப்படாது போயிற்று. அடுப்பிற் சமைந்தது வயிற்றை அடைய, உடுப்பு இறுகுகின்றது. உடுப்பு இறுக, இடுப்பு நோகின்றது. இடுப்பு நோக, கடுப்புத் தோன்றுகின்றது. கடுப்புக்குத் தடுப்புத் தேடி அலைந்து, முடிவில் உடுப்புக்கு விடுப்புக் கொடுக்க நேர்கின்றது. அடுப்பு, உடுப்பு, இடுப்பு, கடுப்பு, தடுப்பு, விடுப்பு என்னும் ஆறும் முதலெழுத்தொன்றே பேதப்பட்டு நிற்க, ஒரு வியாதியின் நிதானமும் லக்ஷணமும் சிகிச்சையும் ஓர் எதுகைக்குள் அடங்கிவிட்டதைக் காண்க. எடுப்பை ஏன் விட்டீர் என்று ஒரு சாரார் ஆட்சேபிப்பர்; உடுப்பு எடுப்பாக இருக்கவேண்டும் என்பதே அபிமானமாதலின் அதனையும் சேர்க்க ஆறு ஏழாயிற்று. கொடுப்பு எங்கே என்பர் வேறொரு சாரார். நோயாளியைக் கண்டவர் கொடுப்புக்குள் சிரிப்பதனால் அதுவும் சேர, ஏழு எட்டாயிற்று. விடுப்பிலேதான் பெரும் விவாதம். அது விடுதலை என்பது ஒரு பக்ஷம். யாழ்ப்பாண வழக்கின்படி அயலார் சங்கதி அறியும் ஆவல் என்பது மறுபக்ஷம். இரண்டும் ஒன்றே என்பது அடியேன் துணிபு. என்னெனின், நோயாளி கதவைச் சாத்தி உடுப்புக்கு விடுப்புக் கொடுக்க எண்ணும் தருணம் பார்த்தே அயலார் விடுப்புக் கேட்க வருகின்றனர். இவ்வெட்டுச் சொற்களைக் கொண்டு, காற்சட்டையைக் கண்டுபிடித்தவன் தமிழனே என்று நிறுவும் நூலொன்று என்னால் எழுதப்படாவிடினும் வேறொருவரால் எழுதப்படும். முன்னுரை வழங்கவும் ஆள் உண்டு.

இவ்வாராய்ச்சி முழுவதும் மாடிப்படியில் நின்றபடி, தெறி கழற்றப்படாமலே நடந்தது என்பதைச் சொல்லவேண்டும். கீழ்வீட்டு மாமி, “என்ன தம்பி, முகம் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று தொடங்கிய சம்பாஷணையில் கிடைத்த நிவாரணங்கள் வருமாறு. மல்லித்தண்ணி (மாமி, வாய்மொழி, மூன்றாம் படி). இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ (மாமி, மேற்படி, நான்காம் படி, முன்னையதை மறுக்காமலே மாற்றியது). தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் குழைத்துப் பூசுதல் (மாமியின் தமக்கையார், ஸ்காபரோவிலிருந்து தொலைபேசியில், அங்கே விடியற்காலை; ஒலிபெருக்கி திறந்திருந்தமையால் மாடி முழுவதும் கேட்டது; ‘பெருங்காயம்’ என்னும் இப்பாடத்தைப் ‘பெருஞ்சீரகம்’ எனத் திருத்துவர் மாமியின் மருமகனார், உள்ளறையிலிருந்து, ஆதாரம் காட்டாமலும் முகம் காட்டாமலும்; தமக்கையார் இத்திருத்தத்தை ஏற்காது தொலைபேசியை வைத்தனர் என்பது பிற்சேர்க்கை). நான் எட்டுச் சொற்களின் தத்துவத்தை விளக்கத் தொடங்கியபோது கிடைத்த கடைசிப் பிரமாணம் இது: “முதல்ல அந்தக் காற்சட்டையைக் கழட்டிப்போட்டு, ஒரு சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து கதையும் தம்பி” (மாமி, ஐந்தாம் படி, சமையலறைக்குத் திரும்புகையில், முதுகு காட்டியபடி).

இதில் சாஸ்திரீய முறை எதுவும் இல்லை என்று மனத்துள் ஆட்சேபித்துக்கொண்டே சாரம் கட்டினேன். உடனே படுத்துவிடாமல் வீட்டுக்குள்ளேயே மெல்ல நடந்து, சூடான பிளேன்டீயை ஆறுதலாகக் குடித்து முடிக்குமுன் நோவு போயிற்று; இடுப்பைச் சுற்றி விழுந்த தடம் மாத்திரம் இரவுவரை நின்றது.

மறுநாள் அக்காற்சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பெருப்பிக்கச் சொன்னேன். வேண்டியது மூன்றரை அங்குலம். உள்ளே மடித்துத் தைத்த துணி ஒன்றரை அங்குலந்தான் என்று அவர் அளந்து காட்டினார்.