சக்குபந்தி இல்லாத பைல்

ஏண்டா பேராண்டி, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஒரகடம் கூட்ரோட்டுல கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கறப்போ, வல்லக்கோட்டை கிருத்திகைக் கூட்டத்துல செருப்பைத் தொலைச்சவன் மாதிரி நின்னியே, என்னாச்சு?

லைன்ல போல்ட்டு எண்ணி பைல்ல எழுதறது உன் சி புரோகிராம். ஆபீஸ்ல அந்த பைலைப் படிக்கறது ஜாவா. முதல் வரியில நீ எழுதுனது 1; அங்க போய் விழுந்தது 1,67,77,216. அத்தனை போல்ட்டு இருந்தா ஸ்ரீபெரும்புதூரையே கழட்டி மாட்டிடலாமேடா!

கேட்டுல வாட்ச்மேனா ரிஜிஸ்டர் எழுதுனவன் நான். நம்மாளு அப்பன் பேரை இனிஷியலா முன்னால போடுவான். வடக்கத்திப் பையன் குடும்பப் பேரைக் கடைசியில போடுவான். உன் மிஷினும் அப்படித்தான். இன்டெல் சில்லு சின்ன முனையை முன்னால விட்டு 01 00 00 00ன்னு எழுதுது. ஜாவாவோட டேட்டா இன்புட் ஸ்ட்ரீம், முன்னால நிக்கறதுதான் பெரிய முனைன்னு படிக்குது. கலிவர் கதையில முட்டையை எந்தப் பக்கம் உடைக்கறதுன்னு நடந்த சண்டையிலேர்ந்து இதுக்குப் பேர் எடுத்து, டேனி கோஹன்னு ஒருத்தர் 1980 ஏப்ரல் 1 தேதி போட்டு எழுதுனாராம், நீதான் சொன்னே. அவருக்கு முட்டைதான் கெடைச்சுது. நாமத்துக்கு அடியில பாதம் உண்டா இல்லியான்னு கோர்ட்டுப் படி ஏறுன ஊரு நம்ம பக்கத்துல இருக்கறது தெரியாது, பாவம்.

அதை விடு. ரெண்டாவது வரி 2ன்னே வந்துச்சுன்னு குதிச்சியே, அதைத்தான் நெனைச்சு நெனைச்சு சிரிச்சேன். மூணாவது வரி 256ன்னு வந்ததும் மூஞ்சி தொங்கிப் போச்சு. எண்ணிக்கைக்கு நாலு பைட்டு, சரி-தப்புக் குறிக்கு ஒண்ணு, ஆக அஞ்சு. ஆனா அடுத்த எண்ணு நாலால வகுபடற எடத்துலதான் உக்காரணும்னு சி கம்பைலர் எட்டு சீட்டு புடிக்குது, மூணுல துண்டு போட்டு வெச்சுடுது. ஜாவாக்காரனுக்குத் துண்டு தெரியுமா? அஞ்சு பைட்டு படிச்சான். அடுத்த எண்ணுன்னு அந்த மூணு காலி சீட்டையும் ரெண்டாவது வரியோட முதல் பைட்டையும் சேத்துப் படிச்சான். 00 00 00 02. தப்பும் தப்பும் கைகுலுக்கி ரெண்டாச்சு. நீ ‘புரோகிராம் கரெக்ட்’னு டீ வாங்கிக் குடிச்சே!

சிப்காட்டுக்கு நம்ம கொல்லை போனப்போ பத்திரத்துல சக்குபந்தி இருந்துச்சு. கிழக்கே யாரு, மேற்கே எந்தக் கால்வாய், எல்லாம். உன் பைலுக்கு என்ன இருக்கு? எது எத்தனை பைட்டு, எந்த முனை முதல்ல, எங்க காலி, தலையில அடையாளமா நாலு எழுத்து, எத்தனாவது வெர்ஷன்: அரைப் பக்கம் ஆகுமா? கை வலிச்சா பத்திர எழுத்தரும் உண்டு. கூகுள் 2008ல வெளிய விட்ட புரோட்டோகால் பஃபர்ஸ். ஒரே வரைவுலேர்ந்து சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் எல்லாத்துக்கும் படிக்கற எழுதற கோடை அதுவே அடிச்சுக் குடுக்கும்.

ஆபீஸ்ல அந்த ஜாவாவை எழுதற பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? தெனமும் ஒரே பஸ்ஸு, ஒரே சீட்டு. அவன் காதுல ஒரு ஒயரு, உன் காதுல ஒரு ஒயரு. என்ன முறைக்கறே? சட்னி போதுமா, இன்னொரு இட்லி வெக்கச் சொல்லட்டா?