அல்பப் பட்டியல் இயல்: கட்டுகஸ்தோட்டை பஸ்ஸை முன்வைத்து ஓர் ஆய்வு

முதலில் சொல்லாராய்ச்சி. இசைத்தொகுப்பை இலங்கைத் தமிழில் ‘அல்பம்’ என்று எழுதுகிறோம். நம் முன்னோர் அதே எழுத்துக்களுக்கு ‘அற்பம்’ என்று பொருள் கொண்டார்கள். ‘பட்டியல்’ என்பதைப் பட்டி, இயல் எனப் பிரித்தால் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைக்கும் இடத்தின் இலக்கணம் என்றாகும். மொழியியலார் ஒப்பமாட்டார்கள், அவர்களைக் கேட்டுக்கொண்டு நாம் தொடங்கவில்லை. ஆகவே வருடக் கடைசியில் விமர்சகர்கள் வெளியிடும் சிறந்த அல்பங்களின் பட்டியலாவது, அற்பங்களைப் பிடித்துக் கட்டி நெற்றியில் எண் போடுவது என்பது பெறப்படும்.

ஆய்வுக்குத் தூண்டுதல், 2024 டிசம்பரில் என் மருமகள் கைபேசியில் நீட்டிய ஒரு பட்டியல். மொத்தம் 50 அல்பம். “ஒன்னாவது தெரியுமா மாமா?” என்றாள். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை வாசித்தேன். அடுத்த வீட்டுக் கடைச்சிட்டையைப் பார்த்தால்கூட இரண்டு சாமானாவது நமக்குத் தெரிந்ததாக இருக்கும்.

அந்தப் பட்டியலைப் போட்ட ‘பிட்ச்ஃபோர்க்’ இசைத்தளம் முதலிடம் கொடுத்தது சிண்டி லீயின் ‘டயமண்ட் ஜூபிலி’க்கு. 32 பாட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். வெளிவந்தபோது ஸ்பொட்டிஃபையில் இல்லை. யூடியூபில் ஒரே நீட்டாகக் கிடந்தது. அதையும் மற்றவற்றோடு சேர்த்து ஆளுக்கு முக்கால் மணி என்று சலுகையாகக் கணக்கிட்டாலும் ஐம்பதுக்கு 37½ மணித்தியாலம் வேண்டும். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு நெரிசலில் அரை மணி, போகவர ஒரு மணி. டிசம்பர் முதலாம் திகதி காதில் மாட்டினால் ஜனவரி 7இல் கழற்றலாம், ஞாயிற்றுக்கிழமையும் சும்மா பஸ் ஏறுவதாக இருந்தால். விமர்சகர்களோ டிசம்பர் பிறந்ததும் பிறக்காததுமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மார்கழிக் கடைசியில் பாடுகிறவன் எந்த வருடத்துக் கணக்கில் சேருவான் என்று ஒருவரும் சொல்வதில்லை.

பட்டியல் போடுவதில் நாம் பின்தங்கியவர்களும் அல்ல. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்த வேளையில், கொழும்பு றேடியோ சிலோன் அறிவிப்பாளர் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கியது. கிழமைக்கு ஒரு வரிசை, வருட முடிவில் ஒரு பெரிய வரிசை. இசைத்தட்டு விற்ற கணக்கும் நேயர் விருப்பமுந்தான் அளவுகோல். விமர்சகருக்கு அங்கே வேலை இல்லை. விமர்சகர்களிடம் வாக்கெடுத்து ஆண்டுதோறும் பட்டியல் போடுவதை நியூயோர்க்கின் ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகை 1974இலிருந்துதான் வழக்கமாக்கியது. இருபத்திரண்டு வருடம் பிந்தி! இந்தப் பிந்துதல் தற்செயலா, குணமா என்பதே நம் ஆய்வின் வினா.

இனி மையச் சான்று. 2007இன் முதல்தர அல்பம் என்று ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை தெரிந்தெடுத்தது ‘கலா’வை. பாடியவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்தவர். முதல் அல்பத்துக்குத் தகப்பனின் பெயர் வைத்தார், இதற்குத் தாயின் பெயர். உலக விமர்சகர்களின் உச்சியில் ஒரு தமிழ் அம்மாவின் பெயர் உட்கார்ந்திருந்த அந்த வருடம், நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் ‘சிவாஜி’ படப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் செய்தி எட்டவே பல வருடம் ஆயிற்று. எட்டியதும் ஒரு குற்ற உணர்வோடு ‘கலா’வைப் போட்டேன். முதல் பாட்டு ‘பம்பூ பங்கா’. அதற்குள்ளிருந்து தெரிந்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது: இளையராஜா! ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு.

‘தளபதி’ 1991 தீபாவளிக்கு வந்த படம். அந்தக் கசெட் எங்கள் வழியில் ஓடிய ஒரு பஸ்ஸில் நாடா தேயும்வரை ஓடியது. மஹியாவ தாண்டினால் ஓசை இழுபடத் தொடங்கும். யேசுதாஸுக்குத் தொண்டை கட்டும், எஸ்.பி.பி. ஆற்றில் முங்கி எழுவார். மகாவலிப் பாலத்தில் வாகனங்கள் ஊரும்போது கொண்டக்டர் கசெட்டை உருவி, காதில் செருகியிருந்த பென்சிலைத் துளையில் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவார். டிக்கட் எழுதும் பென்சிலும் அதுதான். அதுவரை ஒருவரும் சில்லறை கேட்கக்கூடாது.

1991க்கும் 2007க்கும் இடையில் பதினாறு வருடம். அந்தக் கொண்டக்டர் பென்சிலால் ஆதரித்த இசை, ‘ரோலிங் ஸ்டோன்’ காதுக்குப் போய்ச்சேர எடுத்த காலம் அது. விமர்சகர்களோடு என் கால் ஒத்துப்போகாததற்குக் காரணம் இப்போது விளங்குகிறது: நான் முன்னால் நடந்துவிட்டேன். அவர்கள் மெச்சியது அந்தத் துண்டை அல்ல, அதை வைத்து அந்தப் பிள்ளை கட்டிய புது வீட்டைத்தான் என்று யாராவது மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அதனால் நூலாக்கும்போது அதை மிகச் சிறிய எழுத்தில் போட உத்தேசம்.

இந்தச் சூத்திரப்படி அந்த 2024 டிசம்பரில் எங்கள் பஸ்ஸில் போகும் பாட்டு 2040இன் பட்டியலில் முதலிடம் பெறவேண்டும். முன்கூட்டியே பதிவுசெய்து வைக்க, மறுநாள் காலை ஏழரை பஸ்ஸில் என்ன பாட்டு என்று எழுதிக்கொண்டு வரும்படி மருமகளிடம் கொப்பியும் பேனாவும் கொடுத்தனுப்பினேன்.

பின்னேரம் வெறுங்கொப்பியோடு வந்தாள். “செட் பழுது மாமா. கொண்டக்டர்தான் பாடிக்கிட்டு வந்தாரு.”

“என்ன பாட்டு?”

“எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ பழசு. பாலத்துல நிக்கிறப்ப பாதி பஸ்ஸும் சேர்ந்து பாடிச்சு.”