ஸ்காபரோ வரவேற்பறைகளில் மல்லிகையின் பருவ இடப்பெயர்வு

கனடாவின் வாத்துகள் இலையுதிர்காலத்தில் தெற்கே பறப்பதைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதிவிட்டார்கள். அதே நாட்களில் ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவின் ஈழத்தமிழர் வீடுகளில் பின்முற்றத்திலிருந்து வரவேற்பறை வரை நடக்கும் இடப்பெயர்வை அறிவுலகம் கண்டுகொள்ளவில்லை. பெயர்வது மல்லிகைக் கண்டு. சாடியோடு தூக்குபவர் பெரும்பாலும் முதுகுவலிக்காரக் குடும்பத்தலைவர்.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இச்செடியைப் பவளமல்லியின் பேரினத்தில் சேர்த்தார். 1789இல் எய்ற்றன் என்ற இன்னொரு தாவரவியலாளர் அதை ஜாஸ்மினம் பேரினத்துக்கு மாற்றினார். பனிக்காலத்தில் எந்த அறையில் சேர்ப்பது என்பதை இருவருமே சொல்லாமல் போய்விட்டார்கள்.

வெப்பம் 10 பாகைக்குக் கீழே போனால் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். உறைபனி பட்டால் கருகும். ஆகவே அது வெளியே போகும் நாளைப் பஞ்சாங்கம் தீர்மானிப்பதில்லை. மே 25க்கு முந்திய திங்கட்கிழமை, விக்ரோரியா மகாராணியின் பிறந்தநாள் விடுமுறைதான் முகூர்த்தம். அதுவரை தெற்கு யன்னல் செடிக்கு, சுவரோரம் சோபாவுக்கு. "இஞ்சேருங்கோ, கதவைச் சாத்துங்கோ, மல்லிகைக்குக் குளிருது" என்ற குரல் கேட்கும் வீட்டில் மனிதருக்கும் குளிர்கிறதா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஹீற்றர் உலர்த்திய காற்றில் செஞ்சிலந்திக்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்புறத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள், காம்புக்கிடையில் மெல்லிய வலை. மருந்து, குளியல்தொட்டியில் வைத்து இலைகளின் அடியில் ஷவர் பிடிப்பது. சனிக்கிழமைக் காலையில் குளியலறை வாசலில் பிள்ளைகள் காத்து நிற்பது இதனால்தான்.

இத்தனைக்கும் பிறகு பூ வராது.

காரணம் எளிது. மல்லிகை புதுத்தளிரில்தான் அரும்பு கட்டும். தமிழ்நாட்டு விவசாயி நவம்பர் கடைசியில் செடியை 50 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஈவிரக்கமின்றி வெட்டுகிறார். மார்ச்சில் தோட்டம் வெள்ளையாகிறது. ஸ்காபரோவிலோ குளிப்பாட்டி வளர்த்ததன்மேல் கத்தரிக்கோல் வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. பங்குனி பிறக்குமுன் துணிந்து வெட்டிய வீடுகளில் யூலையில் பூக்கிறது. வெட்டாத வீடுகளில் கொடி யன்னல்சேலையைப் பிடித்து ஏறுகிறது. பூச்செடிக் கடைகளில் டஸ்கனியின் பெருங்கோமகன் என்று ஒரு அடுக்கு மல்லிகையும் உண்டு. கோமகன் அல்லவா? மெதுவாக வளர்வார், பூப்பதிலும் சிக்கனம்.

வெட்டிய தண்டுகள் ஈரமண்ணில் வேர்விடும். அவை யாருக்குப் போகின்றன, எந்த மச்சாளுக்கு ஏன் போகவில்லை என்ற தரவுகளை எந்த வீடும் ஆய்வாளருக்குத் தருவதில்லை.